எழுபத்தொன்பதுக்கு எத்தனை குறைவு?

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் அரசாங்கம் எப்படி அமைக்கப்படும் என்பதைப் புத்தகத்திற் படித்துவிட்டேன். அப்போது சனங்கள் எப்படி இருந்தார்கள் என்பதை மட்டும் புத்தகத்திற் காணவில்லை. தாங்கள் நேரிற் கண்டிருந்தால் எழுதுங்கள்" என்பது அதன் சாரம். கேள்வி சிறியதே. ஆயினும் அதைப் படித்த பின்னர் எனக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

கண்டிருக்கிறேன். 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம். எனக்கு அப்போது வயது பதினான்கு.

இக்காலத்தில் இத்தகைய சபையைத் "தொங்கு பாராளுமன்றம்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் அந்நாளில் எங்கள் ஊரில் எவர் காதிலும் விழுந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஓர் எண் மாத்திரமே. அது 79.

அந்த எண் எப்படி வந்தது என்பதை மாணவர் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி சுடப்பட்டு மறுநாள் மரணமானார். அவருக்குப் பின் பிரதம மந்திரியான திரு. தகநாயக்கா அவ்வருட இறுதியிற் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அதற்குமுன் சோல்பரி அரசியலமைப்பின்படி தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் 95 பேர். புதிய எல்லை வகுப்பினால் அத்தொகை 151 ஆயிற்று. மகாதேசாதிபதி நியமிக்கும் 6 பேரையுஞ் சேர்த்தால் 157. பாதிக்கு மேலே ஒருவர் என்றால் 79. வாக்களிக்கும் வயதும் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. முன்னைய தேர்தல்கள் பல நாட்களாகப் பிரித்து நடத்தப்பட்டவை; இதுவோ நாடு முழுவதும் ஒரே நாளில், மார்ச் 19ஆந் தேதி சனிக்கிழமை, நடைபெற்றது.

என் தமக்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. பழைய சட்டம் இருந்திருந்தால் வாக்குச் சாவடிப் பக்கமே போயிருக்க முடியாது. சேலையுடுத்து, பூச்சூடி, கோயிலுக்குப் போவதுபோலப் போய் வந்தாள். படலையடியிலேயே ஆச்சி மறித்துக் கேட்டார்.

"ஆருக்குப் பிள்ளை போட்டனீ?"

"அது இரகசிய வாக்கு, ஆச்சி."

"எனக்குமோ இரகசியம்?"

தமக்கை இறுதிவரை சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் வீட்டுச் சின்னத்தையன்றி வேறெதற்கும் அவள் போட்டிருப்பாள் என்று எவரும் எண்ணவில்லை. ஆயினும் சொல்ல மறுத்த அந்த மிடுக்கு ஆச்சிக்கு ஒரு வாரம் வரை ஆறாத மனத்தாங்கலாக இருந்தது.

அன்றிரவு ஊரில் உறங்கியவர் சிலரே. சந்தியிலிருந்த தேநீர்க்கடைக்காரர் தமது றேடியோப் பெட்டியை வெளியே வாங்கின்மேல் எடுத்து வைத்துவிட்டார். வாசிகசாலைப் பையன்களாகிய நாங்கள் அப்பியாசக் கொப்பியிற் கோடு கிழித்து, யானைக்கு ஒரு நிரல், கைக்கு ஒரு நிரல், வீடு, திறப்பு, சில்லு, நட்சத்திரம், குடை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம். முடிவுகள் வந்துகொண்டேயிருந்தன. விடிந்த பின்னருங் கணக்கு முடியவில்லை. எல்லாம் ஓய்ந்தபின் கூட்டிப் பார்த்தால், ஐக்கிய தேசியக் கட்சி 50, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46, தமிழரசுக் கட்சி 15, சமசமாஜக் கட்சி 10, திரு. பிலிப் குணவர்த்தனாவின் மக்கள் ஐக்கிய முன்னணி 10. தகநாயக்காவின் கட்சி 4. கம்யூனிஸ்ட் கட்சி 3. சுயேச்சையாளருஞ் சில்லறைக் கட்சியினரும் 13. பிரதம மந்திரியாயிருந்த தகநாயக்கா தமது காலித் தொகுதியிலேயே தோற்றுப் போனார்.

அந்த முடிவைக் கேட்டு வெற்றி வேட்டுச் சுட எவருக்குந் தோன்றவில்லை, துக்கமும் இல்லை. பரீட்சையிற் சித்தியா தவறியா என்று தெரியாமல் நிற்கும் மாணவனின் நிலை என்று சொல்லலாம். தேநீர்க்கடையில் ஒரு முதியவர், "அப்ப ஆர் வென்றது?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எவரும் விடை சொல்லவில்லை.

திங்கட்கிழமை எங்கள் குடியியல் ஆசிரியர் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையின் உச்சியில் 79 என்று எழுதி அதன் கீழே ஒரு கோடிட்டார். "டட்லிக்கு ஐம்பது. நியமன உறுப்பினர் ஆறுபேரையும் தமக்கு வேண்டியவராகவே போட்டுக்கொள்வார், ஐம்பத்தாறு. எழுபத்தொன்பதுக்கு எத்தனை குறைவு?" "இருபத்துமூன்று, சேர்." "எங்கள் பதினைந்தைக் கூட்டு." "எழுபத்தொன்று." "தகநாயக்காவின் நாலு." "எழுபத்தைந்து." "இன்னும் நாலு சுயேச்சைகளைப் பிடித்தாற் காரியம் முடிந்தது. இனி மற்றப் பக்கம் பார்." சுதந்திரக் கட்சி 46, தமிழரசு 15, சமசமாஜம் 10, பிலிப் 10, கம்யூனிஸ்ட் 3. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "எண்பத்துநாலு" என்று கத்தியது. ஆசிரியர் வெண்கட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "இரண்டு கணக்கிலும் பதினைந்து இருக்கிறது, கவனித்தீர்களா?" என்றார்.

கவனித்தோம். ஊர் முழுவதும் அதைத்தான் கவனித்தது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுஞ் சட்டம் நிறைவேறியபோதும், 1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டபோதும், அதன் பின் வந்த 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போதும் தம்மை எவரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்று நொந்திருந்த மக்களுக்கு, இரண்டு பெரிய கட்சிகளும் தம் வாசலுக்கு வரவேண்டியிருக்கிறது என்ற நினைவு எத்தகைய மயக்கத்தைத் தரும் என்பதை இன்று எண்ணினாலும் எனக்கு ஒருவித கூச்சமும் இரக்கமும் உண்டாகின்றன. திரு. செல்வநாயகம் கொழும்பில் எவரைச் சந்தித்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதெல்லாம் வாசிகசாலையிற் பாடமாயிற்று. பத்திரிகை வந்து இறங்கியதும் ஒருவர் உரத்து வாசிக்க இருபது பேர் சுற்றி நிற்பர்.

தமிழரசுக் கட்சி இரு தரப்பாரிடமும் வைத்த கோரிக்கைகள் மறைவானவை அல்ல. வடக்குக் கிழக்கிற்குப் பிரதேச சபைகள். அரசாங்கக் குடியேற்றத்திற்கு ஒரு கட்டுப்பாடு. நிருவாகத்திலுந் நீதிமன்றங்களிலுந் தமிழுக்கு உரிய இடம். பிரசாவுரிமைச் சட்டத் திருத்தம். அத்திருத்தம் வரும்வரை ஆறு நியமன உறுப்பினருள் நால்வரை மலைநாட்டுத் தமிழர் சார்பில் நியமித்தல். திரு. டட்லி சேனநாயக்கா இவற்றுக்கு இணங்கவில்லை. மார்ச் 21ஆந் தேதி பிரதம மந்திரியாகப் பதவியேற்றுச் சிறுபான்மை அரசாங்கத்தை நடத்தத் துணிந்தார். சுதந்திரக் கட்சிக்கு அப்போது தலைமை வகித்த திரு. சி. பி. டி சில்வா தரப்பினர் இணக்கம் தெரிவித்தனர். மாத முடிவிற் சபாநாயகர் தெரிவு வந்தது. எதிர்க்கட்சிகள் நிறுத்திய திரு. ரி. பி. சுபசிங்காவே வென்றார். அரசாங்கத்தின் ஆயுள் அன்றே தெரிந்துவிட்டது.

இந்த நிலையிற் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. சார்வரி வருடம். (அறுபது ஆண்டு சுற்றி அதே பெயருடைய வருடம் 2020இல் மீண்டும் வந்தபோது, பழைய நினைவுகளை யாரிடம் பேசுவதென்று தெரியாமற் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞராயிருந்த என் தந்தையார் இரவு மெயில் வண்டியில் வந்திறங்கினார். அவருடைய தமையனார், எங்கள் பெரியையா, ஹற்றன் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர், அவரும் வந்திருந்தார். மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, பொங்கிப் படைத்து, கைவிசேடமும் வாங்கிக்கொண்டபின் ஆண்கள் விறாந்தையிற் பாய் விரித்து அமர்ந்தனர். பேச்சு எங்கே போகும் என்பது சொல்லாமலே தெரியும்.

ஐயாவின் தோற்பையைத் துழாவிக்கொண்டிருந்த நான் அதனுள் ஒரு சிங்கள அரிவரியைக் கண்டெடுத்தேன். அவரோ ஆங்கிலத்திற் பரீட்சை எழுதி உத்தியோகம் பெற்றவர். கோவைகளில் அவர் எழுதும் ஆங்கிலக் குறிப்புகளை மேலதிகாரிகள் மெச்சுவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வதுண்டு. அரச கரும மொழிச் சட்டம் முழுமையாக அமுலுக்கு வருவதை 1960ஆம் ஆண்டு இறுதி வரையே ஒத்திவைக்கலாம் என்பது சட்டத்தின் வாசகம். அதன்பின் சிங்களத்திற் தேர்ச்சி இல்லாத உத்தியோகத்தரின் கதி என்ன என்பதே அந்நாளில் அரசாங்க சம்பளத்தில் வாழ்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் இரவில் விளக்கணைத்தபின் எழும் பேச்சு. ஐயாவுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. அதே மேசையில் வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் மதிய உணவு வேளையில் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தாராம். அவ்வரிவரியும் அந்நண்பர் தம் மகனுடையதைக் கொடுத்ததுதான்.

"இனி இது தேவைப்படாது போலிருக்கிறது" என்றார் ஐயா, புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி. "தமிழுக்கும் இடம் வைத்து ஒரு ஒழுங்கு வரும் என்று சொல்லுகிறார்கள்."

பெரியையா வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர் தோட்டத்திலே தாம் கண்டதைச் சொன்னார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அங்குள்ளவர்களிற் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1947இல் தம் வாக்கினால் ஏழுபேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், மார்ச் 19ஆந் தேதி வழக்கம்போல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார்கள். பத்திரிகை வந்ததும் பெரியையா லயத்து முற்றத்திலிருந்து கட்சிகளின் தொகையை வாசித்துக் காட்டினாராம். ஒரு கிழவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நம்ம கணக்கு எங்கங்க ஐயா வருது?" என்று கேட்டார். பெரியையாவுக்கு விடை தெரியவில்லை. சில நாள் கழித்து ஆறு நியமன உறுப்பினரில் நால்வர் என்ற கோரிக்கை பத்திரிகையில் வந்தபோது, அக்கிழவர் தாமாகவே தேடிவந்து அந்தப் பகுதியை மாத்திரம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் போனாராம்.

அதைக் கேட்டபின் விறாந்தையிற் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு வாதம் தொடங்கிற்று. டட்லி கண்ணியமானவர், அவரைக் கவிழ்த்து வேறொருவரை ஏற்றினால் நமக்கு நன்மையென்று என்ன நிச்சயம் என்றார் அயலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். கண்ணியத்தைக் காய்ச்சிக் குடிக்கலாமோ என்றார் இன்னொருவர். ஒரு வாக்குறுதியின் பெறுமதி அதைத் தருபவருடைய குணத்திலா, அவருக்கு இருக்கும் தேவையிலா என்பதுதான் அன்று அவர்கள் தர்க்கித்த பொருள். அவ்வளவு தெளிவாக எவரும் அதைச் சொல்லவில்லை; நான் பின்னாளில் எண்ணிப் பார்த்து விளங்கிக்கொண்டது. பனங்கட்டியும் தேநீரும் வந்ததும் வாதம் தேங்காய் விலைக்குத் திரும்பிவிட்டது.

ஏப்ரில் 22ஆந் தேதி சிம்மாசனப் பிரசங்கத்தின்மீது வாக்கெடுப்பு. அரசாங்கத்துக்கு 61, எதிராக 86. பதவியேற்று ஒரு மாதமும் ஒரு நாளுமே ஆகியிருந்தன. தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு டி சில்வாவை அழைப்பார்கள் என்றே ஊரில் எல்லோரும் எண்ணியிருந்தனர். மகாதேசாதிபதி சர் ஒலிவர் குணதிலக்காவோ தோல்வியடைந்த பிரதம மந்திரியின் ஆலோசனையை ஏற்றுப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அது முறையா என்பதைச் சட்டவல்லுநர் இன்றும் விவாதிக்கின்றனர்; மாணவர்கள் அந்த விவாதத்தைத் தேடிப் படிப்பது நன்று. சாதாரண மக்களுக்கோ சலிப்பே மிஞ்சியது. "மறுபடியும் வரிசையில் நிற்க வேணுமோ?" என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது. சுவரொட்டிகள் காய்வதற்குமுன் புதிய சுவரொட்டிகள் வந்தன.

அடுத்த மூன்று மாதங்களில் நடந்ததைப் பத்திரிகை வாயிலாகவே அறிந்தோம். கணவரை இழந்து ஓராண்டும் ஆகாத திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா சுதந்திரக் கட்சிக்குத் தலைமையேற்றார். கூட்டங்களில் மறைந்த தலைவரின் பேச்சுகள் ஒலிப்பதிவு நாடாவிலிருந்து ஒலித்தன. இடதுசாரிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு ஏற்பட்டது. ஐக்கிய தேசியக் கட்சியோ, சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியுடன் இரகசிய ஒப்பந்தம் செய்துவிட்டது என்று தென்னிலங்கை மேடைகளில் முழங்கிற்று. எங்கள் ஊர் வாசிகசாலையில் நம்பிக்கையாகப் பேசப்பட்ட அதே செய்தி, அங்கே குற்றச்சாட்டாக மாறியிருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர்களும் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பைப் படித்த அன்றே எங்கள் குடியியல் ஆசிரியரின் முகம் மாறிவிட்டது.

ஜூலை 20ஆந் தேதி தேர்தலிற் சுதந்திரக் கட்சிக்கு 75. ஐக்கிய தேசியக் கட்சி 30. தமிழரசுக் கட்சி 15இலிருந்து 16 ஆக உயர்ந்திருந்தது. இங்கே மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாடு முழுவதும் எண்ணினால் 30 ஆசனம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கே, 75 ஆசனம் பெற்ற கட்சியை விட அதிக வாக்குகள் விழுந்திருந்தன. தொகுதிவாரி முறையும் போட்டித் தவிர்ப்பும் செய்த விந்தை அது. மறுநாள் திருமதி பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். அம்மாவும் தமக்கையும் அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சமையலறைக் கதவில் ஒட்டினார்கள். அதில் எனக்கு இன்றும் ஆட்சேபம் இல்லை.

பள்ளியில் ஆசிரியர் மீண்டும் 79 என்று எழுதினார். "எத்தனை குறைவு?" "நாலு, சேர்." "நியமன உறுப்பினர் எத்தனை?" "ஆறு." எண்பத்தொன்று. இம்முறை கூட்டலில் எங்கள் பதினாறுக்கு இடமில்லை. ஒருவரும் கத்தவில்லை. நியமன உறுப்பினருள் ஒருவராகத் திரு. தொண்டமான் சபைக்குப் போனார். ஹற்றனில் அந்தக் கிழவர் கேட்டுப் போனது நான்கு.

1961ஆம் ஆண்டு ஜனவரி முதல் அரச கரும மொழிச் சட்டம் முழுமையாக அமுலுக்கு வந்தது. பெப்ரவரி 20ஆந் தேதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. ஏப்ரிலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு இராணுவம் வந்தது. அந்தச் சரித்திரம் பலர் எழுதியது. ஐயாவின் கதையை மட்டும் சொல்கிறேன். அவர் அரிவரியை மறுபடி எடுத்தார். பாதிப் புத்தகம் வரை வந்தார். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் தினத்தன்று விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று அம்மாவிடங்கூடச் சொல்லவில்லை. 1962ஆம் ஆண்டு, வயதுக்கு முன்னரே, குறைந்த ஓய்வூதியத்தோடு ஊருக்கு வந்துவிட்டார். எழுத்துச் சொல்லிக் கொடுத்த நண்பர் கோட்டைப் புகையிரத நிலையம் வரை வந்து வழியனுப்பினாராம். அவர்களிருவரும் இறுதிவரை புதுவருடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், ஆங்கிலத்தில்.

1965ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் ஒரு முடிவில்லாத முடிவு. ஐக்கிய தேசியக் கட்சி 66, சுதந்திரக் கட்சி 41, தமிழரசுக் கட்சி 14. இம்முறை டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். தேதி மார்ச் 24. மாவட்ட சபைகள் வரும் என்றார்கள். நான் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். றேடியோவிற் கேட்டதை ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன்.

"எத்தனை குறைவாம்?" என்று கேட்டார்.

"பதின்மூன்று, ஐயா. நியமனம் ஆறும் போக ஏழு."

"ஏழோ?" என்று சிறிது யோசித்தார். "அப்ப கொஞ்சக் காலம் எங்களை ஞாபகம் இருக்கும்."

மூன்று ஆண்டுகள் இருந்தது. மாவட்ட சபைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு விலகிற்று. விடுமுறைக்கு வீடு வந்திருந்த நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஐயா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். செய்தியை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "அங்கே வாய்க்கால் உடைக்குது பார், தம்பி" என்றார். பத்திரிகையை வரம்பில் வைத்துவிட்டு நான் மண்ணை அணைக்கப் போனேன்.